மண்ணை எடுத்து வையுங்கள்!

(சபாக் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர முடியாத குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)



பகல் முழுக்கக் குலை அறுத்து, உரம் போட்டு, பழம் பொறுக்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். இன்று சம்பளத்தைப் பற்றியோ, வீட்டைப் பற்றியோ, அடையாள அட்டையைப் பற்றியோ நான் பேச வரவில்லை. அவை எல்லாம் முக்கியம்தான். ஆனால் இன்று மண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். லயத்து வீட்டுக்குப் பின்னால் நீங்கள் போட்டிருக்கிறீர்களே கீரைப் பாத்தி, அந்த மண். மரவள்ளி நட்டிருக்கிறீர்களே, அந்த மண். பிள்ளைகள் வெறும் காலோடு ஓடுகிறார்களே, அந்த மண்.

மூன்று நான்கு தலைமுறையாக நாம் இந்த மண்ணில் வியர்வை சிந்தினோம். ஆனால் இந்த மண் நம் பெயரில் இல்லை. தோட்டத்தை விற்றால் நம்மைக் கேட்பதில்லை. விற்ற இடத்தில் என்ன வரப்போகிறது என்றும் நமக்குச் சொல்வதில்லை. வீடமைப்பு வரலாம், குப்பை மேடு வரலாம், தொழிற்சாலை வரலாம். வந்த பிறகு மண் கெட்டுப்போனால், "முன்பு நன்றாகத்தானே இருந்தது" என்று நாம் சொல்வோம். "அதற்கு என்ன ஆதாரம்?" என்று அவர்கள் கேட்பார்கள்.

அந்த ஒரு கேள்விக்கு இன்றே பதில் தயார் செய்து வைப்பது எப்படி என்று சொல்லத்தான் வந்தேன்.

புக்கிட் மேராவில் நடந்தது என்ன?

இங்கிருந்து பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் பேராக் மாநிலம். அங்கே ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேரா என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரும்பாலும் சீனக் குடும்பங்கள். நம்மைப் போலவே கை உழைப்பில் வாழ்ந்தவர்கள்.

1979-இல் ஏசியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் பதிவானது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்திற்கு அதில் 35 விழுக்காடு பங்கு. 1982-இல் ஆலை ஓடத் தொடங்கியது. என்ன வேலை? ஈய லம்பத்தில் ஈயத்தை எடுத்த பிறகு மிஞ்சும் கருமணல் இருக்கிறதே, 'அமாங்' என்பார்கள், அதிலிருந்து 'அரிய மண்' எனப்படும் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் வேலை. அந்தக் காலத்தில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அது தேவைப்பட்டது. இன்று கைப்பேசிக்கும் மின்சாரக் காருக்கும் தேவைப்படுகிறது.

அந்த மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. மோனசைட்டில் நூற்றுக்கு ஆறேழு பங்கு வரை தோரியம் இருக்கும். தோரியம் கதிரியக்கம் உள்ள பொருள். தேவையான உலோகத்தை எடுத்துக்கொண்ட பிறகு, தோரியம் கழிவில் தங்கிவிடும். ஆக, உலோகம் ஜப்பானுக்கு, கழிவு ஊருக்கு!

கழிவை எங்கே கொட்டுவது என்பதே பெரிய சிக்கலானது. பாரிட்டில் கொட்டலாம் என்றார்கள், மக்கள் எதிர்த்தார்கள். பாப்பானில் பள்ளம் வெட்டினார்கள், 1984-இல் பாப்பான் மக்கள் சாலையில் இறங்கினார்கள். "பள்ளம் பாதுகாப்பானது" என்று அரசாங்கத் தரப்பு சொன்னது. அனைத்துலக அணுசக்தி நிறுவனத்தின் நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டு, பாதுகாப்பானது அல்ல என்றார்கள். அதே 1984-இன் இறுதியில் சாடாவோ இச்சிகாவா என்ற ஜப்பானியப் பேராசிரியர் புக்கிட் மேராவுக்கு வந்தார். ஆலைக்குப் பக்கத்துத் திறந்த வெளியிலும் குட்டையிலும் கருவி வைத்து அளந்தார். அளவு மிக அதிகம் என்றார்.

கவனியுங்கள். ஆலை ஓடத் தொடங்கி இரண்டு ஆண்டு கழித்துத்தான், அதுவும் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்துதான், மக்கள் பக்கம் நின்று அளந்தார். ஆலை வருவதற்கு முன்பு அந்த மண்ணில் எவ்வளவு இருந்தது என்று மக்கள் கையில் ஒரு கணக்கும் இல்லை.

1985 பிப்ரவரியில் அந்த ஊர் மக்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். தங்களுக்காகவும் ஊருக்காகவும் போட்ட வழக்கு. அவர்களோடு நின்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் அந்த மக்களுக்காக நீதிமன்றத்தில் நின்றார். டாக்டர் த. ஜெயபாலன் அந்த ஊர்ப் பிள்ளைகளின் உடல்நிலையைப் பரிசோதித்தார். மக்கள் சீனர், மருத்துவர் தமிழர், கருவி கொண்டுவந்தவர் ஜப்பானியர். நச்சுக் காற்று யாருடைய இனத்தையும் கேட்டு வீசுவதில்லை!

1985 அக்டோபர் 14-இல் நீதிமன்றம் ஆலைக்கு இடைக்காலத் தடை போட்டது. அதே ஆண்டுதான் அணுசக்தி உரிம வாரியம் அமைந்தது. 1987 பிப்ரவரியில் அந்த வாரியம் உரிமம் கொடுத்தது, ஆலை மறுபடியும் ஓடியது. செப்டம்பர் 7-இல் முழு விசாரணை தொடங்கியது. அடுத்த மாதமே ஓப்பராசி லாலாங்! இசா சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டவர்களில் புக்கிட் மேரா போராட்டக் குழுவினரும் இருந்தார்கள், மீனாட்சி ராமனும் இருந்தார். அப்படியும் வழக்கு நிற்கவில்லை. 1990 வரை 65 நாள் விசாரணை நடந்தது.

1992 ஜூலை 11. உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 14 நாளுக்குள் ஆலையை மூடு என்றது. முதல் வாதி அதைக் கேட்க உயிரோடு இல்லை. வழக்கின் தலைப்பிலேயே அவர் பெயருக்குப் பக்கத்தில் 'காலமானவர்' என்று எழுதியிருக்கிறது.

மேல்முறையீட்டில் ஏன் தோற்றார்கள்?

1993 டிசம்பர் 23. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள். ஒன்று, கதிரியக்கம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்ன சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இரண்டு, உரிமத்தை ரத்து செய்ய வேண்டுமானால் மக்கள் உரிமம் கொடுத்த வாரியத்திடம்தான் போயிருக்க வேண்டும் என்றது.

ஒரு வழக்கறிஞனாக அந்த வழக்கை நான் பல தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குப் படுவது இதுதான்: அங்கே வாதாடியது இரண்டு வக்கீல்கள் அல்ல, இரண்டு அளவுகள். யாருடைய அளவை நீதிமன்றம் நம்பியதோ, அவர்கள் வென்றார்கள்.

ஆனாலும் மக்கள் விடவில்லை. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்தது. 1994 ஜனவரியில் நிறுவனமே ஆலையை மூடிவிட்டது.

கதை அங்கே முடியவில்லை. 2011 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அந்த இடத்தைப் பற்றி எழுதியது. துப்புரவுச் செலவு மட்டும் 10 கோடி அமெரிக்க டாலர். 80,000-க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்களில் கழிவு. 11,000 லாரி நடை கெட்டுப்போன பொருளை அள்ளினார்கள். ஆலைக்கு அடியில் இருந்த மண்ணைக்கூட, சில இடங்களில் 25 அடி ஆழம் வரை, பாறை தெரியும்வரை தோண்டி எடுத்தார்கள். 11,000 பேர் வாழ்ந்த அந்த ஊரில் ஐந்து ஆண்டுக்குள் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது, ஏழு பேர் இறந்துவிட்டார்கள் என்றும் அந்தப் பத்திரிகை எழுதியது. நிறுவனம் அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு 1,64,000 டாலர் நன்கொடை கொடுத்தது. நோய்களுக்குப் பொறுப்பு ஏற்கவில்லை.

நீதிமன்றத்தில் 'அளவுக்குள் இருக்கிறது' என்றார்கள். பிறகு 25 அடிக்கு மண்ணைத் தோண்டினார்கள். இதை நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அளவு என்றால் என்ன?

பயப்பட வேண்டாம், கணக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும்.

மண்ணில் உள்ள கதிரியக்கத்தை பெக்கரல் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நொடிக்கு ஓர் அணு உடைந்தால் ஒரு பெக்கரல். உடம்புக்கு ஏற்படும் பாதிப்பை சீவெர்ட் என்ற அளவில் சொல்வார்கள். எத்தனை மழைத்துளி விழுந்தது என்பது பெக்கரல், நீங்கள் எவ்வளவு நனைந்தீர்கள் என்பது சீவெர்ட்.

ஓர் உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். கதிரியக்கமே இல்லாத மண் உலகத்தில் கிடையாது. உலகச் சராசரியாக ஒரு மனிதனுக்கு இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் கிடைக்கிறது. மலேசிய மண்ணில் தோரியம் ஒரு கிலோவுக்குச் சராசரி 82 பெக்கரல் என்றும், 63 முதல் 110 வரை காணப்படுகிறது என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் அறிவியல் குழு 2000-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இது உலகச் சராசரியை விட அதிகம். ஈயமும் கருங்கல்லும் நிறைந்த நாடு நம்முடையது, அதனால் அப்படி.

இந்த இயற்கைக் கணக்குக்கு மேல், தொழிற்சாலையால் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் சேரக்கூடாது என்பது சட்டம்.

இன்னொரு செய்தி. தோட்டத்தில் செம்பனைக்குப் போடுகிறீர்களே சிவப்புப் பொட்டாஷ் உரம், எம்ஓபி, அதிலும் இயற்கையான கதிரியக்கம் இருக்கிறது. ஒரு கிலோவில் 15,000 பெக்கரலுக்கு மேல். பொட்டாசியம் எங்கே இருந்தாலும் அப்படித்தான். நம் உடம்பிலேயே சில ஆயிரம் பெக்கரல் பொட்டாசியம் ஓடுகிறது. அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? இன்று ஆன்லைனில் கைக்கருவி வாங்கலாம். யாராவது ஒரு தம்பி அதை வாங்கிவந்து, உர மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் அது டிக் டிக் என்று வேகமாக அடிக்கும். "ஐயோ, கதிரியக்கம்!" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவோம். மறுநாளே நிறுவனத்தின் ஆள் சிரித்துக்கொண்டே, "அது உங்கள் உரம்" என்பார். நம் பேச்சுக்கு அதோடு மரியாதை போய்விடும். பிறகு உண்மையாகவே மண் கெட்டாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கைக்கருவி எங்கே சந்தேகம் என்று காட்டும். எது பொட்டாசியம், எது தோரியம், எது ரேடியம் என்று பிரித்துச் சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். மண்ணைக் காயவைத்து, சலித்து, காற்றுப் புகாமல் அடைத்து, மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, பிறகு காமா அளவி என்ற கருவியில் மணிக்கணக்காக வைத்து அளப்பார்கள். ஒவ்வொரு பொருளும் ஒரு தனிக் கையெழுத்துப் போடும். பொட்டாசியத்தின் கையெழுத்து வேறு, தோரியத்தின் கையெழுத்து வேறு. பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி முகாமையிலும் சில பல்கலைக்கழகங்களிலும் இந்த வசதி இருக்கிறது.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

சபாக்கில் அரிய மண் ஆலை இல்லை. பிறகு ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள்.

நம் வடக்கு சிலாங்கூரைச் சுற்றிப் பாருங்கள். பெஸ்தாரி ஜெயா, நம் அப்பா அம்மா சொல்லும் பத்தாங் பெர்ஜுந்தை, பழைய ஈய லம்ப பூமி. தெற்கே போனால் காப்பாரில் நிலக்கரி அனல் மின் நிலையம். ஜெராமிலும் புக்கிட் தாகாரிலும் குப்பை நிலங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேராக்கின் வடக்கே கெனெரிங்கில், 2022-இல் அரிய மண்ணை எடுக்கத் தொடங்கினார்கள். பாகாங்கில் குவாந்தானுக்குப் பக்கத்தில் கெபெங்கில், லைனாஸ் ஆலை 2012 முதல் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் தாது அது. அதன் ஒரு வகைக் கழிவில் தோரியம் ஒரு கிராமுக்குச் சுமார் 6 பெக்கரல், அதாவது கிலோவுக்கு 6,000. நம் மண்ணின் சராசரியைப் போல எழுபது மடங்குக்கு மேல். அந்த ஆலைக் கழிவிலிருந்து விவசாயத்திற்கு மண் வளமூட்டி செய்யலாம் என்றுகூட ஆராய்ச்சி நடந்தது. அரிய மண் இனி பெரிய தொழில் என்று அரசாங்கமே சொல்கிறது. 2024 ஜனவரி முதல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்யக் கூடாது, உள்நாட்டில்தான் பதப்படுத்த வேண்டும் என்பது கொள்கை. அப்படியானால் பதப்படுத்தும் ஆலைகள் எங்காவது வரத்தான் வேண்டும். எங்கே வரும்? விலை மலிவான இடத்தில், எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத இடத்தில்!

காப்பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரியிலும் மிகச் சிறிய அளவில் யுரேனியமும் தோரியமும் இருக்கின்றன. எரித்த பிறகு அவை சாம்பலில் திரண்டு நிற்கும். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த 2,420 மெகாவாட் நிலையத்தை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அடிச்சாம்பலில் ஒரு கிலோவுக்கு ரேடியம் 139, தோரியம் 108 பெக்கரல்.

108 என்பது நம் நாட்டுச் சராசரியான 82-ஐ விட அதிகம். ஆனால் இயற்கையாகவே 110 வரை உள்ள மண் நாட்டில் இருக்கிறது. இப்போது ஒரு கேள்வி. நாளைக்கு உங்கள் பாத்தி மண்ணில் 105 என்று வந்தால் என்ன அர்த்தம்? சாம்பல் வந்து விழுந்ததா, ஆதியிலிருந்தே அப்படியா? எவ்வளவு பெரிய விஞ்ஞானி வந்தாலும், பழைய கணக்கு இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. பத்து ஆண்டுக்கு முன்பு இதே பாத்தியில் 50 இருந்தது என்று காட்ட முடிந்தால்? அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

அதுவும் நம் சபாக் மண் ஒரே மண் அல்ல. சில இடம் கடலோரக் களிமண், சில இடம் சதுப்புக் கரிமண். இரண்டிலும் இயற்கை அளவு வேறு வேறாக இருக்கும். பக்கத்து ஊர்க் கணக்கை வைத்து நம் ஊருக்கு வழக்காட முடியாது. நம் மண்ணின் கணக்கு நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

ஒரு டப்பா மண்

ஆய்வுக்கூடத்துக்குப் பணம் வேண்டுமே என்று நினைக்கிறீர்கள். இங்கேதான் ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

தோரியம் பாதியாகக் குறைய 1,405 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம் பாதியாக 447 கோடி ஆண்டு. ரேடியத்துக்கு 1,600 ஆண்டு. அப்படியானால் இன்று நீங்கள் எடுத்து மூடி வைக்கும் மண்ணை இருபது ஆண்டு கழித்து அளந்தாலும், இந்த மூன்றின் கணக்கு மாறாது. ஆயுள் குறைந்த வேறு சில பொருள்கள் மாறும், உண்மை. ஆனால் முக்கியமான சாட்சி மாறாது. இன்று பணம் இல்லையென்றால் பரவாயில்லை. சாட்சியை இன்று பிடித்து வையுங்கள், விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எப்படிச் செய்வது? எழுதிக்கொள்ளுங்கள்.

1. உங்கள் வீட்டுப் பாத்தி, கோயில் வளாகம், தமிழ்ப்பள்ளித் திடல் ஆகிய இடங்களில் எடுங்கள். கோயில் நிர்வாகம், தலைமையாசிரியர், நில உரிமையாளர் யாரோ அவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். அனுமதி இல்லாமல் வேலி தாண்டி எடுத்த மண்ணை நீதிமன்றத்தில் வைக்கும்போது முதல் கேள்வியே நம் மீது பாயும்.

2. உரம் போட்ட இடத்தையும் சாலையோரத்தையும் தவிருங்கள். புல்லையும் வேரையும் நீக்கிவிட்டு, மேலிருந்து ஐந்து சென்டிமீட்டர் ஆழம் வரை எடுங்கள். ஓர் இடத்தில் ஐந்து மூலையிலிருந்து எடுத்துக் கலந்தால் அது ஒரு மாதிரி. ஐந்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்து மண்ணைத் தனியாக இன்னொரு மாதிரியாக எடுங்கள். வெளியிலிருந்து வந்து விழுந்தது மேல் மண்ணில்தான் முதலில் தெரியும்.

3. சுத்தமான காகிதத்தில் பரப்பி நிழலில் காய வையுங்கள். கல்லையும் குச்சியையும் பொறுக்கிவிடுங்கள். காய்ந்த மண் ஒரு கிலோவாவது இருக்கட்டும்.

4. புதிய, இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போடுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து இரண்டு டப்பாவில் வையுங்கள். ஒன்றைப் பரிசோதனைக்குக் கொடுத்தாலும் மற்றொன்று நம்மிடம் இருக்கும். நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் வேறு கணக்குச் சொன்னால், முத்திரை உடையாத அந்த இரண்டாவது டப்பாதான் பேசும்.

5. தேதி, நேரம், இடம், ஆழம், எடுத்தவர் பெயர், முன்தினம் மழை பெய்ததா என்று எழுதி ஒட்டுங்கள். கைப்பேசியில் இடம் தெரியும்படி படம் எடுங்கள். மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, நாடாவின் மேலும் கையெழுத்துப் போடுங்கள்.

6. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். டப்பா யாரிடம் இருக்கிறது, எப்போது யார் கைக்கு மாறியது என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். வழக்கில் பெரும்பாலும் ஆதாரம் விழுவது இங்கேதான். மண் சரியாக இருக்கும், நடுவில் யார் கையில் இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

இந்த வேலைக்குச் சில வெள்ளி செலவாகும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். இதே மண்ணை ஈயம், ஆர்செனிக், நிக்கல் போன்ற நஞ்சுகளுக்கும் பிறகு சோதித்துப் பார்க்கலாம். முடிந்த ஊர்கள் பணம் சேர்த்து ஒன்றிரண்டு மாதிரியை இப்போதே ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள்.

சட்டத்தின் கடிகாரம்

கடைசியாகச் சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

புக்கிட் மேரா ஆலை வந்தபோது, சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை கொடுக்க வேண்டும் என்ற உத்தரவே நடைமுறையில் இல்லை. அது 1988 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. இன்று அப்படி இல்லை. 2015-ஆம் ஆண்டு உத்தரவின்படி, பெரிய வகைத் திட்டங்களின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நாம் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். அப்படி ஓர் அறிக்கை வைக்கப்பட்டால் முதல் பக்கத்தில் உள்ள அழகான படங்களைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மண் மாதிரி எங்கே எடுத்தார்கள்? எத்தனை எடுத்தார்கள்? லயத்துக்குப் பக்கத்தில் எடுத்தார்களா? இந்த மூன்றையும் கேளுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள அறிக்கையைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போட நாம் கடமைப்பட்டவர்கள் அல்ல.

உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னதை மறக்காதீர்கள். உரிமம் கொடுத்தவரிடம் முதலில் போயிருக்க வேண்டும் என்றது. ஆகவே சந்தேகம் வந்த நாளிலேயே சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் அணுசக்தி உரிமம் வழங்கும் அமைப்புக்கும் கடிதம் எழுதுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடுவும் உண்டு. தனியார் மீது இழப்பீட்டு வழக்கு என்றால் பொதுவாக ஆறு ஆண்டு. அரசாங்கத்தின் மீது என்றால் 36 மாதம். ஆனால் புற்றுநோய் போன்ற நோய் வெளியில் தெரியப் பத்து, இருபது ஆண்டுகூட ஆகலாம். சட்டத்தின் கடிகாரம் நம் உடம்பின் கடிகாரத்தை விட வேகமாக ஓடுகிறது. அதனால்தான் நோய் வந்த பிறகு ஆதாரம் தேடக் கூடாது என்கிறேன்.

இன்னும் ஒன்று, நமக்கே உரிய சங்கடம். நிலத்தில் உரிமை உள்ளவர்தான் 'தொல்லை' வழக்குப் போட முடியும் என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1997-இல், கேனரி வார்ஃப் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நம் சட்டமும் அந்த மரபில் வந்ததுதான். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார். "இவர்கள் கம்பெனி வீட்டில் இருப்பவர்கள், இவர்களுக்கு என்ன உரிமை?" என்பார். கவனக்குறைவால் உடம்புக்கு வந்த பாதிப்புக்கு வழக்குப் போட நிலப்பட்டா தேவையில்லை, அந்த வழி நமக்குத் திறந்தே இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்கும் நிலத்துக்கும் நாம் நடத்தும் போராட்டமும் இந்த மண் போராட்டமும் வேறு வேறு அல்ல என்பது இப்போது புரிகிறதா? பட்டா இல்லாதவனுக்குச் சுத்தமான மண் கேட்கும் உரிமையும் பாதிதான் என்ற நிலை இருக்கிறது. இதை மாற்றத்தான் நாம் சேர்ந்திருக்கிறோம்.

என் அன்பு மக்களே! நான் உங்களைப் பயமுறுத்த வரவில்லை. இன்று உங்கள் கீரைப் பாத்தி நன்றாகவே இருக்கலாம். நன்றாக இருக்கிறது என்பதற்கே ஒரு சாட்சி வேண்டும் என்கிறேன். புக்கிட் மேரா மக்களிடம் துணிச்சல் இருந்தது, ஒற்றுமை இருந்தது, நல்ல வக்கீல்கள் இருந்தார்கள். ஆலை வருவதற்கு முந்தைய நாள் மண் மட்டும் அவர்களிடம் இல்லை.

நம்மிடம் அது இருக்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு தோட்டத்திலும் நான்கு இளைஞர்கள், இரண்டு தாய்மார்கள், ஒரு பெரியவர் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்குங்கள். பெரியவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். முன்பு எங்கே ரப்பர் மரம் இருந்தது, எங்கே குப்பை கொட்டினார்கள், எங்கே மண் போட்டு மேடாக்கினார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதையும் நோட்டில் எழுதுங்கள். டப்பாவைக் கோயில் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இரண்டு பேரிடம் கொடுங்கள்.

அந்த டப்பாவைத் திறக்க வேண்டிய நாள் வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொள்வோம். வந்தால், வெறுங்கையோடு நீதிமன்றத்துக்குப் போக மாட்டோம்.